காணாமல் போன புள்ளி: நூலக ஸ்கேனரில் ஒரு பழைய கிரயப் பத்திரம்

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரத்துப் பொது நூலகத்தில் குறிப்புதவிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. பிரிவின் வாசலருகே, பழைய நாளிதழ் அடுக்குக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில், வாசகர்கள் தாமே இயக்கிக்கொள்ளும் ஸ்கேனர் ஒன்று நிற்கிறது. கட்டணம் இல்லை. மூடியைத் தூக்கினால் கண்ணாடி. மூடிக்கு மேலே ஒரு தட்டு. தாள்களை அதில் அடுக்கிவைத்தால் உருளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும். தொடுதிரையில் நான்கைந்து பொத்தான்கள். படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து வாங்கியது இது. சான்றிதழ், விண்ணப்பம், வினாத்தாள் என்று அவர்கள் கொண்டுவருவதெல்லாம் ஏ4 அளவு, புதுத்தாள், பெரும்பாலும் ஒரு பக்க அச்சு. பொருத்த வந்தவர் அதற்கேற்பவே அமைத்துவிட்டுப் போனார்: கறுப்பு-வெள்ளை, 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 படத்துணுக்கு), ஏ4, ஒரு பக்கம் மட்டும், ‘ஆட்டோ கிளீன்’ இயங்கும் நிலையில். கோப்பு சிறிதாக இருக்கும், மின்னஞ்சலில் சிக்காமல் போகும் என்றார். நாங்களும் தலையாட்டினோம். பக்கத்துச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றி முக்கால் பக்கம் பேசியது. வாசகர் தம் வீட்டுப் பெட்டியிலிருந்து தாள் கொண்டுவந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

இந்த நிகழ்வுக்கு உரியவர் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அவருடைய பாட்டி பெயருக்கு 1958இல் எழுதிப் பதிவான கிரயப் பத்திரம் அவர் கையில் இருந்தது. உடன்பிறந்தவர்களுக்குள் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெளியூர் வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கைபேசியில் எடுத்து அனுப்பிய படங்களில் மடிப்பின் நிழல் எழுத்தின்மேல் விழுந்திருந்ததால், ஸ்கேன் செய்து அனுப்பும்படி சொல்லிவிட்டார்.

பத்திரம் நான்கு தாள்கள். இரண்டு முத்திரைத்தாள், இரண்டு கனமான வெற்றுத்தாள். நான்காக மடித்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் தகரப் பெட்டியில் கிடந்தவை. மை பழுப்பேறியிருந்தது, மடிப்புக் கோடுகள் பழந்துணியின் இழைபோல் நைந்திருந்தன.

முதல் நாள்: கண்ணாடியில்

அவர் வந்ததை நான் பார்த்தேன். பதினைந்தடி தூரத்தில் என் மேசை. மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து அவர் பிரித்ததையும், பின்னால் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் திரையைக் காட்டிக்கொடுத்ததையும் பார்த்தேன். எழுந்து போகவில்லை. வாசகர்கள் தாமே இயக்குவதற்கென்று வைத்த இயந்திரம், அவர்கள் பாடு என்ற நினைப்பு. இந்த ஆய்வில் என் தரப்பில் பதிவாக வேண்டிய முதல் குறை அதுதான்.

நான்கு தாள்களையும் அவர் கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தார். திரையில் சிறு படம் வந்தது. எழுத்து பளிச்சென்று தெரிந்தது. பழுப்பேறிய தாள் வெள்ளையாகவும் வெளிறிய மை கறுப்பாகவும் மாறியதைப் பார்த்து மகிழ்ந்து, மாணவருக்கு நன்றி சொல்லி, வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை: வழக்கறிஞரின் கேள்விகள்

வழக்கறிஞர் தொலைபேசியில் கேட்டவற்றை அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு நேராக என் மேசைக்கே வந்தார்.

“தம்பி, சொத்து விவரத்தில் இருப்பது பன்னிரண்டரை சென்ட்டா, நூற்று இருபத்தைந்து சென்ட்டா என்று கேட்கிறார். சாட்சிக் கையெழுத்தே இல்லையாம். பின்பக்கம் எங்கே என்கிறார். முதல் இரண்டு பக்கம் யாருடையது என்றும் கேட்கிறார்.”

நான்கு கேள்விகள். அவர் கைபேசியில் இருந்த கோப்பைத் திறந்து, மூலத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

மூலத்தில் ‘12.5’ என்று தெளிவாகவே இருந்தது. கோப்பில் ‘125’. பன்னிரண்டரை சென்ட் என்பது 5,445 சதுர அடி. நூற்று இருபத்தைந்து என்றால் ஒன்றேகால் ஏக்கர். பங்கு பிரிக்க உட்கார்ந்த குடும்பத்துக்கு இது சின்ன வேறுபாடு இல்லை. பத்திரம் எழுதியவர் வழக்கப்படி அளவை எழுத்தாலும் எழுதியிருந்தார். ‘பன்னிரண்டரை’ என்ற சொல் இருந்தது. ஆனால் அது தாளின் கடைசி வரிகளில், சாட்சிக் கையெழுத்துகளுக்குச் சற்று மேலே இருந்தது. அந்த வரிகள் கோப்பில் இல்லை.

காரணம் நீளம். ஏ4 தாள் 11.7 அங்குலம், எங்கள் கண்ணாடியும் அவ்வளவே. பத்திரத் தாளை அளந்தேன்: பதின்மூன்று அங்குலத்துக்கு மேல். கண்ணாடிக்கு வெளியே தொங்கிய பகுதியில்தான் எழுத்தால் எழுதிய அளவும், இரண்டு சாட்சிகளும், எழுதியவர் பெயரும் இருந்தன. மூடியை மூடியதும் அந்தப் பகுதி கண்ணில் படாமல் போனது. திரையில் வந்த சிறு படமோ நான்கு பக்கமும் ஓரம் விட்டு, முழுத்தாள்போலவே காட்சியளித்தது.

எண்ணில் புள்ளி போனது வேறு வழியில். கறுப்பு-வெள்ளை முறையில் இயந்திரம் ஒவ்வொரு படத்துணுக்கிலும் ஒரு முடிவெடுக்கிறது: இது மையா, தாளா? நடுத்தரமான சாம்பல் என்று ஒன்று அதற்குக் கிடையாது. வெளிறிய மை தாளின் பக்கம் சேர்ந்துவிடும். அதைத் தப்பி நிற்கும் சிறு கறுப்புப் பொட்டுகளை ‘ஆட்டோ கிளீன்’ தூசி என்று எண்ணித் துடைத்துவிடும். பேனா முனையால் வைத்த அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு 200 டிபிஐயில் குறுக்கே நான்கு படத்துணுக்குகள்தான் கிடைக்கும். தூசிக்கும் அவ்வளவுதான். இயந்திரத்தைக் குறை சொல்ல முடியவில்லை. துடை என்று நாங்கள்தான் சொல்லிவைத்திருந்தோம்.

பக்கம் முழுவதையும் அந்தக் கண்ணோடு பார்த்தபோது மெய்யெழுத்துகளில் பாதிக்குமேல் புள்ளி இழந்து நின்றன. ‘கிழக்கில்’ என்பது ‘கிழககில’ ஆகியிருந்தது. இதை வழக்கறிஞரும் கவனிக்கவில்லை, நானும் முதலில் கவனிக்கவில்லை. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடாமல்தான் எழுதினார்கள். படித்தவர்கள் இடம் பார்த்துப் புள்ளியைச் சேர்த்துக்கொண்டார்கள். தமிழ் படிக்கும் கண்ணுக்கு அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது போலும். எழுத்தில் போன புள்ளியை மனம் இட்டுக்கொள்கிறது. எண்ணில் போன புள்ளியை எதைக்கொண்டு இடுவது?

பிறர் பக்கங்கள்

நான்காவது கேள்வியை முதலில் முடித்தோம். கோப்பில் முன்னால் இருந்த இரண்டு பக்கங்கள் ஓர் இளைஞரின் மதிப்பெண் சான்றிதழும் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கமும். அவர் ஸ்கேன் செய்து முடித்ததும் ‘முடி’ பொத்தானை அழுத்தாமல் பென் டிரைவை உருவிக்கொண்டு போயிருக்கிறார். இயந்திரம் வேலை தொடர்கிறது என்று நினைத்து, அடுத்து வந்தவரின் தாள்களை அதே கோப்பில் சேர்த்துவிட்டது.

அந்தப் பக்கங்களை அழித்துவிடும்படி வழக்கறிஞரிடம் அந்த அம்மா வழியாகவே கேட்டுக்கொண்டோம். என் எதிரிலேயே அந்த அம்மாவின் கைபேசியிலும் அழித்தோம். இளைஞர் எங்கள் உறுப்பினர்தான். அவருக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றார் சக ஊழியர் ஒருவர். அழித்தாயிற்றே, எதற்கு வம்பு என்பது அவர் வாதம். வங்கிக் கணக்கு எண் யார் கண்ணில் பட்டது என்று கணக்கின் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அழைத்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, இயந்திரத்தில் வேறு என்னென்ன தங்கியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை.

அதே நாள் முற்பகல்: மேல் தட்டில்

இந்தக் கட்டம்தான் வருந்தத்தக்கது. நான் தொலைபேசியில் இருந்த நேரத்தில் அந்த அம்மா மீண்டும் இயந்திரத்திடம் போனார். நேற்று உதவிய மாணவர் அங்கே இருந்தார். மேல் தட்டு நீளத் தாளையும் இழுக்கும், இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும் என்று அவர் சொன்னது முழுக்க உண்மை. வழக்கறிஞர் கேட்ட கடைசி வரிகள், பின்பக்கம் இரண்டுக்கும் அது பொருத்தமான வழிதான். தாளின் வயது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.

மேல் தட்டில் தாள் நேராகப் போவதில்லை. ரப்பர் உருளை பற்றி இழுத்து, வளைத்துத் திருப்பி, மறுபுறம் தள்ளும். புதுத்தாள் அதற்கு ஈடுகொடுக்கும். முதல் தாள் போய்விட்டது. இரண்டாவது தாளின் நடு மடிப்பு வளைவில் ஏறியபோது உருளை ஒருமுறை வழுக்கி, மறுமுறை பற்றியது. வறட்டென்று ஒரு சத்தம். அவர் பதறிப்போய் வெளியே தெரிந்த முனையைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தார். நான் ஓடிவந்தபோது தாள் நடு மடிப்பில் இடது ஓரத்திலிருந்து நான்கு விரல் அகலம் கிழிந்திருந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, மேல் மூடியைத் திறந்து, உருளையை விடுவித்து, தாள் போய்க்கொண்டிருந்த திசையிலேயே மெதுவாக வெளியே எடுத்தேன். எழுத்து எதுவும் போகவில்லை. இரண்டு வரிகளுக்கு நடுவே கிழிசல் ஓடியிருந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. மாணவர்தான் அழுதுவிடுவார்போல் நின்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, செலோ டேப் ஒட்டாமல் இருப்பது. நான்கு பேர் நான்கு திசையிலிருந்து டேப்பை நீட்டினார்கள். அந்தப் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். டேப் உதிர்ந்துபோன பிறகும் கறை நிற்கும். பின்னால் எடுக்க முயன்றால் எழுத்தும் கூடவே வரும். எங்கள் பழைய இதழ்த் தொகுதிகளில் இதற்குச் சாட்சி நிறைய உண்டு. கிழிந்த தாளை இரண்டு சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, அட்டை கொடுத்துக் கோப்பில் தட்டையாக வைத்தோம்.

இரண்டாவது முடிவு சற்றுச் சிக்கலானது. நூலகத்தின் மின்னாக்க அறையில் இன்னொரு ஸ்கேனர் உண்டு. தாள் மேசையில் அசையாமல் கிடக்கும். மேலேயிருந்து கேமரா படம் எடுக்கும். ஏ3 அளவுவரை இடம் உண்டு; உருளை, வளைவு எதுவும் இல்லை. ஆனால் அது நூலகத்தின் அரிய நூல்களுக்கானது. பொதுமக்களின் தாள்களுக்கு அதைப் பயன்படுத்தும் வழக்கம் இல்லை. கண்ணாடி ஸ்கேனரிலேயே மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு படமாக எடுத்திருக்கலாம். ஆனால் அதற்குத் தாளை ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டுமுறை நகர்த்தி, மூடியை அழுத்த வேண்டும். கிழிந்த தாளுக்கு அது ஆகாது. எங்கள் இயந்திரத்தில், எங்கள் கண் முன்னால் கிழிந்தது. நூலகத் தலைவரிடம் வாய்மொழியாக அனுமதி பெற்று, பதிவேட்டில் எழுதிவிட்டு, அறையைத் திறந்தேன்.

வண்ணம், 400 டிபிஐ, துடைக்கும் வசதி எதுவும் இல்லாமல், நான்கு தாளின் எட்டு முகங்களையும் எடுத்தோம். வெற்றாகத் தெரிந்த முகத்தையும் விடவில்லை. எடுத்த எடுப்பில் ஒரு முகம் ஐம்பது எம்பியைத் தாண்டியது. மின்னஞ்சலுக்கென்று சுருக்கித் தனிக் கோப்பு ஒன்று செய்தோம், அது 25 எம்பி எல்லைக்குள் அடங்கியது. சுருக்கும்போதும் எண்களில் கவனம் வேண்டும் என்பதற்கு வெளிநாட்டு அனுபவம் ஒன்று உண்டு. ஒன்றுபோல் தோன்றும் எழுத்து வடிவங்களை ஒரே படமாகச் சேமிக்கும் சுருக்குமுறையால் சில அலுவலக ஸ்கேனர்கள் 6ஐ 8 ஆக்கிவிடுவதை 2013இல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மானியக் கணினி ஆய்வாளர் வெளிப்படுத்தினார். அங்கே கண்ணில் பட்டதும் ஒரு கட்டட வரைபடத்தின் பரப்பளவுதான்.

மூன்றாவது, சரிபார்ப்பு. திரையில் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த அம்மாவை மூலத் தாளைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். நான் கோப்பைப் பெரிதாக்கி வரிவரியாகத் தொடர்ந்தேன். செக்குபந்தியில் வடக்கு, தெற்கு என்று நான்கெல்லையும் வந்தன. சர்வே எண் வந்தது. “சென்ட் பன்னிரண்டு, புள்ளி, ஐந்து” என்று நிறுத்தி, புள்ளியை விரல் நகத்தால் தொடாமல் சுட்டிக்காட்டினார். திரையில் அது பழுப்பு நிறத்தில், ஓரம் சற்றுப் பரவி, கடுகுபோல் உட்கார்ந்திருந்தது.

பின்பக்கங்களில் சார்பதிவாளரின் குறிப்பும், வெளிறிய ஊதா முத்திரையும், விற்றவரின் கைநாட்டும் இருந்தன. பத்திர எண், பதிவான 1 புத்தகம் (அசையாச் சொத்துப் பதிவேடு), தொகுதி, பக்கம் எல்லாம் அங்கேதான். முதல் நாள் கோப்பில் இந்தப் பக்கமே இல்லை.

நான்காவது, நகலைப் பற்றியது. உள்ளூர் வரலாற்றுக்கு உதவும், ஒரு பிரதி நாம் வைத்துக்கொள்ளலாமே என்றார் மின்னாக்க அறையில் இருந்தவர். தப்பெண்ணம் எதுவும் இல்லை; 1958இல் அந்தத் தெருவில் யார் யார் குடியிருந்தார்கள் என்பது அந்தச் செக்குபந்தியில் இருக்கிறது. ஆனால் வேறு வழியில்லாமல் எங்களிடம் வந்தவரிடம் அந்த நேரத்தில் அதைக் கேட்பது முறையில்லை என்று மறுத்துவிட்டேன். அவர் பார்க்கவே எங்கள் கணினியிலிருந்து கோப்புகளை அழித்தோம்.

பின்னர் நடந்தவை

புதிய கோப்பை வழக்கறிஞர் ஏற்றுக்கொண்டார். கிழிசலைப் பற்றிக் கேட்டறிந்தவர், பின்பக்கத்தில் இருந்த எண்களை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். மூலத்தில் உள்ளவற்றை மெய்ப்பிக்க அத்தகைய நகல் செல்லும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. சில வாரங்களில் நகல் வந்தது. அதிலும் பன்னிரண்டரைதான்.

கிழிந்த தாளை ஆவணப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற ஒருவர் ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு ஒட்டிக்கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தால் கோடு தெரியும். அந்த அம்மா அதைக் காட்ட ஒருமுறை நூலகத்துக்கு வந்திருந்தார். மாணவர் இருக்கிறாரா என்று கேட்டார். அன்று அவர் வரவில்லை.

மாற்றியவையும் மாற்றாதவையும்

அமைப்பை மாற்றினோம். இப்போது இயந்திரம் சாம்பல் நிற முறையில் 300 டிபிஐயில் தொடங்குகிறது. துடைக்கும் வசதி நிறுத்தப்பட்டிருக்கிறது. இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் வேலையை முடித்து நினைவகத்தை அழித்துவிடும்படி முதலில் வைத்தோம். இரண்டு நிமிடம் போதவில்லை என்று முதியவர்கள் சிலர் சொன்னார்கள்; நியாயம்தான், நான்காக்கினோம். பெரிய கோப்புகளைச் சில விண்ணப்ப இணையதளங்கள் ஏற்பதில்லை என்று மாணவர்கள் முறையிட்டதால் பழைய அமைப்பைச் ‘சிறிய கோப்பு’ என்ற தனிப் பொத்தானில் வைத்திருக்கிறோம். அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஒரு வரி தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மேல் தட்டின்மேல் இன்னொரு வரி: ‘மடித்த தாள், பழைய தாள் இங்கே வேண்டாம், மேசைக்கு வாருங்கள்.’ கண்ணாடியின் முடிவில் சிவப்புக் கோடு.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் மின்னாக்க அறையை வீட்டு ஆவணங்களுக்குத் திறக்க அனுமதி கேட்டோம். ஒரு சனிக்கிழமைக்குக் கிடைத்தது. இது கூடுதல் சுமை என்று சக ஊழியர்கள் சிலர் கருதுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அந்த ஒரு நாளில் வழக்கமான மின்னாக்க வேலை நின்றுவிடுகிறது.

என் மேசையை நகர்த்தவில்லை, இடம் இல்லை. மஞ்சள் பையைப் பார்த்தால் எழுந்து போகிறேன்.

இன்னொன்று, தினமும் காலையில் செய்வது. பழுப்புத் தாள் ஒன்றில், தண்ணீர் கலந்த மையால் ‘கிழக்கில் சென்ட் 12.5’ என்று எழுதி வைத்திருக்கிறோம். இயந்திரத்தை இயக்கியதும் முதல் ஸ்கேன் அந்தத் தாள்தான். சென்ற மாதம் ஒரு நாள் புள்ளியில்லாமல் வந்தது. முந்தைய மாலை பழுதுபார்க்க வந்தவர் போகும்போது எல்லா அமைப்பையும் பழையபடி ஆக்கிவிட்டுப் போயிருந்தார்.